பூட்டிய சில்லும் திறப்போன் அறமும்

மனிதர் ஆக்கிக்கொண்ட கருவிகளுள் பூட்டு சற்று விசித்திரமானது. ஏனைய கருவிகள் யாதாயினும் ஒரு செயலை ஆற்றுதற்கு உதவுவன. பூட்டோ ஒரு செயல் நிகழாதிருத்தற்கென்றே ஆக்கப்பட்டது. நிகழாது தடுக்கும்போதும் அஃது எல்லாரையும் ஒருபடித்தாகத் தடுப்பதில்லை. திறப்பு உடையவனை விட்டு ஏனையோரை நிறுத்துகின்றது. ஆயின் பூட்டு அறிவது திறப்பை மட்டுமே. உரிமையை அஃது அறியாது. திறப்பைக் கிணற்றுக்குள் தவறவிட்ட வீட்டுக்காரனும் மதிலேறிக் குதித்த கள்வனும் அதன் முன் ஒரே நிலையினர். இவ்விருவரையும் வேறுபடுத்திக் காணும் பொறுப்பைப் பூட்டு ஏற்பதில்லையாதலின், அப்பொறுப்பு மனிதர் ஒருவர் தலையில் விழுகின்றது. அவர் யார், எவ்வாறு அதனைச் சுமத்தல் வேண்டும் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள் சிறியது. விரல்நகத்தினும் சிறிய ஒரு சில்லு.

ஐ.பி.எம். நிறுவனம் 1992 ஆம் ஆண்டில் திங்க்பாட் என்னும் மடிக்கணினியை விற்பனைக்கு விட்டது. 2005 இல் அந்நிறுவனத்தின் தனியாட் கணினித் தொழில் லெனோவோவின் கைக்கு மாறியபோது இக்கணினியின் பெயரும் உடன் சென்றது. அலுவலகங்களை மனங்கொண்டு ஆக்கப்பட்டமையின் இக்கணினியிற் காவல் பலபடியாக அமைக்கப்பட்டிருந்தது. கணினியை இயக்கத் தொடங்கும்போது கேட்கப்படும் கடவுச்சொல் ஒன்று. வன்றட்டுக்கு உரியது இன்னொன்று. இவற்றின் மேலாக மேற்பார்வையாளருக்கு உரிய கடவுச்சொல் ஒன்று. முதலாவது, சிறு மின்கலமொன்றின் தயவில் வாழ்வது. மேற்பார்வையாளர் சொல் வைக்கப்படாத கணினியில் அம்மின்கலத்தைக் கழற்றினால் அஃது அழிந்துபோம். இரண்டாவது தட்டிலேயே உறைவது. மூன்றாவதுதான் இங்கு முக்கியமானது. 1990களின் பிற்பகுதி தொட்டு வந்த பல மாதிரிகளில் அஃது அற்மெல் நிறுவனத்தின் 24ஆர்எப்08 என்னும் சில்லிற் பதிந்திருந்தது. இச்சில்லின் கொள்ளளவு 1,024 பைற்று. ஒரு தட்டச்சுப் பக்கத்தின் பாதியளவு எழுத்து என்று கொள்ளலாம். மின்சாரம் அற்றுப்போயினும் அதன் நினைவு அறாது. மின்கலத்தைக் கழற்றி மாதக்கணக்கில் வைத்தாலும் சொல் அங்கேயே இருக்கும்.

அச்சொல்லை மறந்தவர் யாது செய்வது? நிறுவனம் வெளியிட்ட கைந்நூல்கள் இதற்கு ஒளிவுமறைவற்ற விடையைத் தந்தன. நீக்குதற்கு வழியில்லை, தாய்ப்பலகையையே மாற்றுதல் வேண்டும், வாங்கியமைக்குச் சான்று காட்டுதல் வேண்டும், கட்டணம் அறவிடப்படலாம். மூளையில் ஒரு சொல் நீங்காது நின்றமைக்காகத் தலையையே மாற்றுவது போன்ற வைத்தியம் இது. பழைய கணினியாயின் பலகையின் விலையும் கணினியின் விலையும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும்.

இந்நிலையிலேதான் வீட்டு மேசைகளில் ஆக்கப்பட்ட ஒரு மின்சுற்று அரங்குக்கு வந்தது. அச்சில்லு இரண்டு கம்பிகளின் வழி பேசுவது. ஒரு கம்பியில் தரவு செல்லும், மற்றையதில் தாளம் செல்லும். நிலத்தொடுப்புக்கு இன்னொரு கம்பி. இவற்றை மற்றொரு கணினியின் தொடர்வாயிலோடு இணைத்துவிட்டால் சில்லின் உள்ளடக்கத்தைப் படித்துவிடலாம். தொடர்வாயிலின் மின்னழுத்தம் சில்லினால் தாங்கவியலாதது. அதனை மட்டுப்படுத்துதற்கு இரு சேனர் இருவாயிகளும் சில தடையிகளும் போதுமானவை. பாடசாலை ஆய்வுகூடத்தின் ஒரு பெட்டிக்குள் இவையெல்லாம் கிடைக்கும். கடினமானது சுற்று அன்று, கையே. தாய்ப்பலகையில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் சில்லின் கால்களில் மயிரன்ன கம்பிகளைப் பற்றாசு வைத்து ஒட்டுதல் நடுங்காத கைக்கே இயலும். படித்தெடுத்த பின் பழைய மாதிரிகளிற் சொல் இரு முறை எழுதப்பட்டிருக்கக் காணலாம். ஆயின் எழுத்துக்களாக அன்று. எந்தச் சாவிக்கட்டை அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் எண்களாக. அட்டவணையொன்றைப் பார்த்து எண்களை எழுத்தாக்கினால், ஏழெழுத்தினும் மேற்படாத சொல் வெளிப்படும். பின்வந்த மாதிரிகளில் அச்சொல் மறைகுறியாக்கப்பட்டமையின் இவ்வழி அவற்றுக்குச் செல்லுபடியாகவில்லை.

இச்செயலை அறத்தின் கண்கொண்டு நோக்கும்போது முதலில் நிறுவனத்தின் கட்சியை அதற்குரிய மதிப்போடு கேட்டல் வேண்டும். மறந்தவர்மேல் இரக்கங்கொண்டு நிறுவனம் ஒரு பின்வாயிலை வைத்திருந்தால் அவ்வாயில் கள்வனுக்கும் திறக்கும். இரந்தவர்க்கெல்லாம் இரங்கும் காவலன் காவலன் அல்லன். திருடிய கணினி ஒருபோதும் இயங்காது என்று கள்வர் அறிவாராயின் திருடுதற்கு ஏது குறையும். ஆகவே சிலர்பால் காட்டப்படும் கடுமை பலரைக் காக்கின்றது. இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் சுற்றின் செய்தி பரவியபின் அதன் வலிமை பாதியாகின்றது. பற்றாசுக்கோல் பிடிக்கத் தெரிந்த கள்வனுக்குத் தடை இல்லை. தெரியாத கள்வனுக்கும், தெரியாத நேர்மையாளனுக்கும் தடை உண்டு. வீதியிற் பை பறிப்பவன் பெரும்பாலும் இருவாயி வாங்கப் போவதில்லை என்பதால் எஞ்சிய பாதி உண்மை இன்னும் நிற்கின்றது எனலாம். ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதே வினா.

விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாங்கையாக வாங்கியோர். பெருநிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திய கணினிகளை மொத்தமாக விற்றுவிடுவது வழக்கம். விற்குமுன் கடவுச்சொல்லை நீக்குதல் எவருடைய கடமை என்று எழுதிவைக்கப்படாவிடத்து அது எவராலும் செய்யப்படுவதில்லை. சொல்லை வைத்த அலுவலர் வேலை மாறிப் போயிருப்பார். விற்றவருக்கும் அது தெரியாது. காணி கைமாறும்போது நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிக்கின்றோம்; அதில் எல்லையும் வரலாறும் எழுதப்படும். கணினி கைமாறும்போது கிடைப்பது ஒரு சிட்டை, அதுவும் கிடைத்தால். பொருள் முழுமையாக விற்கப்பட்டபின்னும் முன்னையோனின் ஆணை அதனுள் உயிரோடிருந்து புதியோனைத் தடுக்கின்றது. ஆணையிட்டவனுக்கு இப்போது அதில் நலனும் இல்லை, விருப்பும் இல்லை. தான் ஆணையிட்டதையே அவன் மறந்திருக்கலாம். எவருடைய விருப்பமும் அன்றி நிற்கும் இத்தகைய தடைக்கு ஒழுக்க அதிகாரம் உண்டு என்று கூறுதல் அரிது. அத்தடையை நீக்குபவன் எவருக்கும் தீங்கிழைப்பதில்லை.

ஆயின் அதே சுற்று, அதே கம்பி, அதே கை திருடப்பட்ட கணினியின்மேல் வைக்கப்படலாம். பிளேற்றோவின் 'குடியரசு' என்னும் நூலின் முதற்புத்தகத்தில், நீதி யாது என்பது பற்றிப் பொலிமாக்கசுடன் உரையாடும் சோக்கிரதீசு அவனை வியப்பானதொரு முடிவுக்கு இட்டுச் செல்கின்றார். பணத்தைக் காப்பதில் வல்லவன் அதனைக் களவாடுவதிலும் வல்லவன்; ஆகவே காப்பதில் வல்லவனான நீதிமான் ஒருவகைக் கள்வனாக முடிகின்றான். இதனைச் சோக்கிரதீசின் குறும்பு என்று தள்ளிவிடுவோரும் உளர். குறும்பினுள்ளே கிடக்கும் உண்மை, வல்லமை வேறு, நீதி வேறு என்பதாகும். வல்லமை இருபுறமும் திரும்பும். எப்புறம் திரும்புவது என்பதை வல்லமை சொல்லாது. பூட்டுத் திருத்துவோன், வைத்தியன், இரசாயனம் கற்றவன் ஆகியோர் யாவரும் இவ்வகையினரே. சுற்றைக் குற்றஞ்சாட்டுவோர் பொலிமாக்கசு செய்த பிழையை மறுபுறமாகச் செய்கின்றனர். அவன் நீதியை ஒரு வல்லமையாகக் கருதினான், இவர்கள் ஒரு வல்லமையை அநீதியாகக் கருதுகின்றனர்.

அங்ஙனமாயின் எல்லாம் எண்ணத்திற்றான் தங்கியுள்ளது என்று முடித்துவிடலாமா? பிறன் பொருளைக் கள்ளத்தால் கவர உள்ளத்தால் எண்ணுவதையே தீது எனக் கொண்டவர் வள்ளுவர். சட்டமும் ஓரளவு இவ்வழியிலேயே செல்கின்றது. இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், தனக்குச் சட்டபூர்வமான அதிகாரம் இல்லையென்று அறிந்தோ, அவ்வாறு நம்புதற்கு நியாயமிருந்தோ ஒரு கணினியை அணுகுவோனையே குற்றவாளியாக்குகின்றது. ஈண்டுக் கவனிக்கத்தக்கது இரண்டாம் பகுதி. அறிந்தவன் மட்டுமல்லன், நம்புதற்கு நியாயம் இருந்தும் நம்பாதிருந்தவனும் பொறுப்பாளியாகின்றான். தூய எண்ணம் மாத்திரம் போதாது. அறியவேண்டியதை அறிய முயன்றானா என்பதும் கேட்கப்படும்.

தன் கணினியைத் தானே திறப்போனுக்கு இஃது ஒரு சிக்கலன்று. பிறர் கணினியைக் கூலிக்குத் திறப்போனுக்குப் பெருஞ்சிக்கல். அவன் முன் கணினி ஒன்றை வைத்துவிட்டு ஒருவர் நிற்கின்றார். சிட்டை இல்லை; ஏலத்தில் வாங்கியது என்கின்றார். ஏலத்தில் வாங்கியோர் பலருக்குச் சிட்டை இல்லை என்பது உண்மை. கள்வரும் அவ்வாறே சொல்வர் என்பதும் உண்மை. எல்லாரையும் ஐயுற்றால் ஏழையே பெரும்பாலும் துரத்தப்படுவான். ஏனெனில் தாளும் முத்திரையும் வசதியுடையோரின் பழக்கங்கள். எல்லாரையும் நம்பினால் கள்வர்க்குக் கைகொடுத்ததாகும். இதற்கு விதி வகுத்தல் கடினம்; எனினும் வினவுதற்கும் வினவாதிருத்தற்கும் இடையேயுள்ள வேறுபாடு தெளிவானது. எங்கே வாங்கினீர், எப்போது, யாரிடம் என்ற மூன்று வினாக்களுக்கு விடைகூறத் தடுமாறுபவன் பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பான். கூலி குறைந்துவிடும் என்று அஞ்சி அவ்வினாக்களைக் கேளாது விடுபவன், தனக்குத் தெரியாது என்று பின்னர் கூறுவது செல்லாது. அந்தத் தெரியாமை அவனே தேடிக்கொண்டது.

சுற்றின் வரைபடத்தை உலகறிய வெளியிட்டோர் செய்தது நன்றோ என்பது அடுத்த வினா. இது கணினியோடு பிறந்த வினா அன்று. இலண்டனிலே பிராமா நிறுவனத்தினர் தம் கடைச் சாளரத்திற் பூட்டு ஒன்றை வைத்து, அதனைத் திறக்கவல்ல கருவி செய்வோர்க்கு 200 கினி பரிசு என அறிவித்திருந்தனர். அறுபது ஆண்டுகளாக எவரும் அதனைத் திறந்திலர். 1851 ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சிக்காக அமெரிக்காவிலிருந்து வந்த அல்பிரட் சாள்ஸ் ஹொப்ஸ் என்பவர், முதலிற் சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டைத் திறந்தார்; பின்னர் பிராமாவின் பூட்டை, பல நாட்களாக மொத்தம் 51 மணிநேரம் முயன்று திறந்தார். நிபந்தனைகள் செவ்வனே பேணப்படவில்லை என நிறுவனத்தினர் குறைகூறியபோதிலும் பரிசு வழங்கப்பட்டது. இங்கிலாந்தின் இரும்புப் பெட்டகங்கள் யாவும் அன்றிரவு கலங்கியிருக்கும். இத்தகைய குறைகளைப் பொதுமக்கள் முன் பேசுவது கள்வர்க்குப் பாடஞ்சொல்வதாகும் என்ற குரல் அப்போதே எழுந்தது. அதற்குக் கூறப்பட்ட மறுமொழி, கள்வர் தம் தொழிலில் ஏற்கெனவே தேர்ந்தவர், அறியாதிருப்பவர் பூட்டை வாங்கும் நேர்மையாளரே என்பதாகும்.

இம்மறுமொழி பெரும்பாலும் சரியானது; முற்றுஞ் சரியானதன்று. கள்வருள்ளும் தேர்ந்தவரும் தேராதவரும் உளர். வெளியிடப்பட்ட வரைபடம் தேராதவனைத் தேர்ந்தவனாக்குகின்றது. ஆயினும் பூட்டின் உறுதி பற்றித் தவறான நம்பிக்கையில் வாழ்வோனுக்கு அந்நம்பிக்கையைக் கலைப்பதும் ஓர் உதவியே. மேற்பார்வையாளர் சொல்லை நம்பித் தம் கடிதங்கள் பத்திரமாயுள்ளன என எண்ணியிருந்தோர் பலர். உண்மையில் அச்சொல் கடிதங்களைக் காப்பதன்று. வன்றட்டுக்கெனத் தனிச்சொல் இல்லாவிடின், தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து யாவற்றையும் படித்துவிடலாம். சில்லைத் தொடவே வேண்டியதில்லை. காவல் எதற்கு, எதற்கு அன்று என்பதை அறியாத உடைமையாளன் பாதி காக்கப்பட்டவன் அல்லன், ஏமாற்றப்பட்டவன். 1883 இல் ஒகுஸ்ற் கேர்க்ஹொப்ஸ் படைத்துறைக் குறியீடுகள் பற்றி எழுதியபோது, முறை பகைவன் கையில் அகப்படினும் தீங்கு நேராவண்ணம் அஃது அமைதல் வேண்டுமென்றார். சில்லில் எழுத்தை எண்ணாக்கி அப்படியே பதிந்தோர் இவ்விதியைப் பொருட்படுத்தவில்லை. குறையைச் சுட்டியவனைக் குறைகூறுமுன் குறையை வைத்தவனைக் கேட்டல் முறையாகும்.

இடையே ஒரு செய்தி. படித்தல் என்பது தீங்கற்றது, எழுதுதலே ஆபத்தானது என்று பொதுவாக எண்ணப்படுகின்றது. இதே 24ஆர்எப்08 அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. லினக்ஸ் இயக்குமுறைமையில் கணினியின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்க எழுதப்பட்ட எல்எம்-சென்சர்ஸ் என்னும் மென்பொருள், எந்தச் சில்லு எங்குள்ளது என அறியும் பொருட்டு ஒவ்வொரு முகவரியையும் மெல்லத் தட்டிப் பார்ப்பது. அந்தத் தட்டுதலைச் சில திங்க்பாட்டுகளின் இச்சில்லு தவறாக விளங்கிக்கொண்டு தன் உள்ளடக்கத்தைத் தானே சிதைத்துக்கொண்டது. கணினி மீண்டும் எழவில்லை. எழுதியோர் பின்னர் தம் மென்பொருளோடு எச்சரிக்கை இணைத்து, அத்தகைய கணினிகளில் அஃது இயங்காவாறும் செய்தனர். யாரும் திருட எண்ணவில்லை. எவரும் எழுத எண்ணவுமில்லை. கதவைத் தட்டியதே குற்றமாயிற்று. நல்லெண்ணம் படைத்தோர் தம் கைத்திறனைப் பிறர் பொருளின்மேல் முதன்முறையாகச் சோதித்தல் தகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. வீட்டுச் சுற்றோடு வரும் இளைஞர் முதலிலே தம் சொந்தப் பழங்கணினியில் பழகுதல் நன்று.

இதுவரை கூறியவை உடைமை பற்றியவை. ஆயினும் இச்செயலில் வேறொரு கூறு உண்டு. அதுவே பெரும்பாலும் கவனிக்கப்படாதது. பூட்டை உடைத்தல் வேறு, படித்தல் வேறு. கோடரியாற் பெட்டியை உடைப்பவன் பூட்டை அழிக்கின்றான். ஆனால் பூட்டியவனைப் பற்றி யாதொன்றும் அறிந்துகொள்வதில்லை. தாய்ப்பலகையை மாற்றுவோனும் அத்தகையோனே. பழைய சொல் பழைய பலகையோடு குப்பைக்குச் செல்கின்றது. சில்லைப் படிப்பவனோ பூட்டுக்கு ஒரு கீறலும் விழாமல் விட்டுவிட்டு, பூட்டியவன் மனத்திலிருந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்கின்றான். பொருளுக்கு நேரும் சேதம் குறையக் குறைய ஆளுக்கு நேரும் சேதம் கூடுகின்றது. மக்கள் கடவுச்சொல்லாகத் தேர்வன எவை? பிள்ளையின் பெயர், பிறந்த ஊர், எவருக்கும் கூறாத ஒரு பெயர். அதே சொல்லையே வங்கிக்கும் கடிதத்துக்கும் வைத்திருப்போர் பலர். கணினியை விற்றவன் கணினியை விற்றான், அச்சொல்லை விற்றானல்லன். இரண்டாங்கையாக வாங்கியவனுக்குத் தடையை நீக்கும் உரிமை முழுமையாக உண்டு. சொல்லை அறியும் உரிமை, தடையை நீக்குதற்கு வேண்டிய அளவுக்கு மட்டுமே உண்டு. வேறு வழியின்றி அறிய நேர்ந்ததை வைத்திருத்தல் ஆகாது.

இக்காலத்தில் இவ்வினா வேறுருக் கொண்டுள்ளது. இன்றைய கணினிகளின் கடவுச்சொற்கள் கம்பி வைத்துப் படிக்கவியலாத காப்புச் சில்லுகளில் உறைகின்றன. கைத்தொலைபேசிகளிற் பூட்டின் திறப்பு உடைமையாளன் கையிலும் முழுமையாக இல்லை; 2013 இல் அப்பிள் நிறுவனம் புகுத்திய செயலாக்கப் பூட்டு, முன்னையோன் தன் கணக்கை நீக்காதவரை தொலைபேசியைப் புதியோனுக்கு இயங்கவிடாது. களவு குறைய அஃது உதவியது. நல்ல நிலையிலுள்ள தொலைபேசிகள் நொறுக்கப்படுவதற்கும் அதுவே ஏதுவாயிற்று. சேனர் இருவாயியோடு ஒருவன் தன் மேசையில் அமர்ந்து தீர்த்துக்கொண்ட வழக்கு, இன்று தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் தீர்ப்புக்குச் செல்கின்றது. திறக்கலாமா என்று மனச்சாட்சியைக் கேட்கும் வேலை குறைந்துவிட்டது. கேட்டு அதன்படி நடக்கும் உரிமையும் உடன் குறைந்துவிட்டது. இதனை முன்னேற்றம் என்போர் இரண்டையுஞ் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

பழைய மேசைக்கே மீண்டு ஒரு நிலையைக் கற்பனை செய்யலாம். தந்தை ஒருவர் தம் பணத்தில் வாங்கிய பழைய திங்க்பாட்டை மகள் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்தினாள். சொல்லை வைத்தவள் அவள். இப்போது அவள் வெளிநாட்டில், தந்தையோடு பேச்சில்லை. தம்பிக்குக் கணினி வேண்டும். சிட்டை தந்தையின் பெயரில், ஒழுங்காக உள்ளது. திருத்துவோன் வினவவேண்டியவற்றை வினவினான்; திருப்தியான விடைகள் கிடைத்தன. கம்பிகளைப் பற்றவைத்து, படித்து, எண்களைத் தாளிற் குறித்து, அட்டவணையைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுத்தாக்குகின்றான். ஆறு எழுத்து. ஓர் ஆணின் பெயர் அது.

சொல்லை அவனே தட்டி உள்ளே செல்கின்றான். அமைப்புப் பக்கத்தில் அதனை நீக்குகின்றான். கணினியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கின்றான். தடையில்லை. கம்பிகளைக் கழற்றி மூடியைத் திருகுகின்றான். தந்தை கூலியைக் கொடுக்கின்றார். கணினியைக் கையிலெடுத்துக்கொண்டு, புறப்படும் தறுவாயில், அந்தச் சொல் என்னவென்று கேட்கின்றார். தாள் இன்னும் மேசைமேற் கிடக்கின்றது. கணினி அவருடையது. திருத்துவோன் தாளை எடுத்து நான்காகக் கிழித்து, "இனி அது தேவையில்லை ஐயா, நீங்கள் விரும்பிய சொல்லைப் புதிதாக வைக்கலாம்" என்கின்றான்.